பென்சில்வேனியாவில் அது குற்றமில்லை

அலன்டவுன், பென்சில்வேனியா
20 ஜூன் 1993

அன்புள்ள தங்கச்சி ஈசுவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். உன் சுகமும் மச்சான் குலசேகரத்தின் சுகமும் அறிய ஆவல். வயிற்றுப் பிள்ளையோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வேலைக்குப் போகாதே என்று உன் மச்சாள் வசந்தமலர் எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன்.

மகள் பெரியபிள்ளையாகிவிட்டாள். ஜூலை கடைசிச் சனிக்கிழமை சடங்கு. மாமி நீ வந்து தண்ணீர் வார்க்க வேண்டும். டாக்டர் மறித்தால் மச்சானையாவது அனுப்பு. எங்கள் பக்கத்தில் ஒருவர்கூட நிற்காவிட்டால் வசந்தமலரின் சொந்தக்காரர் ஆயுளுக்கும் சொல்லிக் காட்டுவார்கள்.

சடங்கு முடிந்த கையோடு வீடு மாறுகிறோம். ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூ ஜேர்சியில், நல்ல வேலை கிடைத்திருக்கிறது. இந்த நாட்டின் விசித்திரத்தைக் கேள். நான் சனிக்கிழமைகளில் துவக்குச் சுடும் கிளப்புக்குப் போவது உனக்குத் தெரியும். என் சின்னத் துவக்குக்கு ஒரு சைலன்சர் வைத்திருக்கிறேன். குழாய் மாதிரி ஒரு சாமான், முனையில் பூட்டினால் வெடிச்சத்தம் அடங்கிவிடும். படங்களில் காட்டுவது மாதிரி ஆளைக் கொல்ல அல்ல, காதைக் காப்பாற்ற. பென்சில்வேனியாவில் அது குற்றமில்லை. கைரேகை கொடுத்து, ஷெரீப்பிடம் கையெழுத்து வாங்கி, வாஷிங்டனுக்கு வரி கட்டி, முறைப்படி எடுத்தது. அதே சாமானோடு பாலத்தைத் தாண்டினேன் என்றால் நியூ ஜேர்சியில் மறியல், சிறைதான்! விற்பதற்கும் மாதக்கணக்கில் கடுதாசி வேலை. ஒவ்வொரு மாநிலமும் ஒரு தனி ராஜ்யம்.

என்னோடு படித்த சபாரத்தினம், லண்டனில் ரெய்னர்ஸ் லேனில் இருக்கிறானே, போன வருடம் வந்தபோது சொன்னான். இங்கிலாந்தில் பண்ணைக்காரரே "சைலன்சர் பூட்டிக்கொண்டு வந்து முயலைச் சுடு, அயலைக் குழப்பாதே" என்று சொல்வார்களாம். அந்த நாட்டில் அது மரியாதை.

அமெரிக்கப் பிரஜாவுரிமைக்கும் எழுதிப் போட்டிருக்கிறேன். கடவுள் கண் திறந்தால் அடுத்த வருடம் கிடைக்கும். உடம்பைக் கவனித்துக்கொள்.

என்றும் உன் நலம் நாடும்
அண்ணை ஸ்ரீஸ்கந்தராஜா


மிச்சம், லண்டன்
5 ஜூலை 1993

அன்புள்ள அண்ணைக்கு,

நான் சுகம். கால்தான் வீங்கி, எந்தச் செருப்புக்குள்ளும் போகமாட்டேன் என்கிறது. உங்கள் நால்வரின் சுகத்துக்கும் கும்பிடுகிறேன்.

டாக்டர் மறித்துவிட்டார், நான் வரமுடியாது. என் மருமகளுக்கு நான் தண்ணீர் வார்க்கக் கொடுத்துவைக்கவில்லை என்று ஒருநாள் முழுக்க அழுதேன். இவர் வருகிறார். அமெரிக்க விசா எடுக்க இவர் பட்ட பாடு சொல்லி முடியாது. எங்களிடம் இந்த நாட்டுப் பாஸ்போட் இல்லை, ஹோம் ஒபிஸ் தந்த பயணப் புத்தகம்தான். அதைக் கண்டவுடன் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரின் முகம் மாறிவிடும். இந்த நாட்டு நிரந்தர விசாவுக்குக் கொடுத்த மனு இன்னும் ஹோம் ஒபிஸில்தான் கிடக்கிறது. இந்த வருடத்துக்குள் வந்துவிடும் என்று எங்கள் சொலிசிட்டர் கிறிஸ்துராஜா சொல்கிறார். அது வரும்வரைக்கும் இவர் பொலிஸ்காரனைக் கண்டால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நடப்பார். வேலை செய்கிற பெற்றோல் ஸ்டேசனில் மிச்சக்காசு குறைகிறது என்று எந்தக் குடிகாரன் சத்தம் போட்டாலும் தன் காசை எடுத்துக் கொடுத்துவிடுவார். "விசா வரட்டும், பிறகு சண்டை பிடிக்கிறன்" என்பார்.

உங்கள் துவக்குக் கதையை வாசித்துச் சிரித்தோம். கடிக்கிற நுளம்பை அடிக்கவே கண்ணை மூடுகிற ஆள் நீங்கள்! நாங்கள் வெடிச்சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தோம். நீங்கள் காசு கட்டி வெடிக்கிறீர்கள், பிறகு அந்தச் சத்தத்தை அடக்க இன்னொரு சாமானுக்கும் காசு கட்டுகிறீர்கள். "கொண்ணைக்கு வசதி கூடிப்போச்சு" என்று இவர் உங்களைப் பற்றிச் சொன்னார்.

இவரிடம் அதிகம் கட்டிக் கொடுக்க வேண்டாம் என்று எழுதினால் கேட்கவா போகிறீர்கள்? இங்கே மோர்டனில் இருந்துகூட ஆட்கள் பார்சலோடு வந்துவிட்டார்கள். எங்கள் ஆட்களில் ஒருவர் விமானம் ஏறுகிறார் என்றால் அவருடைய உடுப்புக்குத்தான் இடம் இருக்காது.

மருமகளுக்கு என் முத்தங்கள். மச்சாளைக் கேட்டதாகச் சொல்லவும்.

உங்கள் அன்புத் தங்கச்சி
ஈசு


அலன்டவுன்
5 ஆகஸ்ட் 1993

அன்புள்ள ஈசு,

நாங்கள் சுகம். களைப்பு மட்டும்தான். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இது உன் கைக்கு வரும்போது மச்சான் உனக்குப் பக்கத்தில் இருந்து பலகாரம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். சடங்கு வெகு சிறப்பு. இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். மச்சான் வேட்டி சால்வையோடு நின்று வந்தவர்களை வரவேற்ற விதத்தைப் பார்த்து வசந்தமலரின் தமையன்மாரே வாயடைத்துப் போனார்கள். உன்னைக் கட்டிக் கொடுத்த அன்று எனக்கு இருந்த மனக்குறையெல்லாம் தீர்ந்துவிட்டது.

லண்டனில் உள்ளவர்களுக்குப் பலகாரப் பெட்டிகள் கொடுத்துவிட்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் பெயர் இருக்கிறது, மாறாமல் கொடுத்துவிடு.

நாளை முதல் மூட்டை கட்டுகிறோம். புது விலாசம் பிறகு எழுதுகிறேன்.

அன்பு அண்ணை


மிச்சம்
19 ஆகஸ்ட் 1993

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் சுகமில்லை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும், ஏனென்றால் இப்போது எனக்கு உங்களைத் தவிர வேறு ஆளில்லை.

அன்று ரெலிபோனில் நான் பேசியதை விட அழுததுதான் கூட. நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். ஹீத்ரோவில் கஸ்டம்ஸ்காரன் இவரை மறித்து, "இந்தப் பெட்டியை நீர்தான் அடுக்கினீரா?" என்று கேட்டிருக்கிறான். இவர் "ஓம், எல்லாம் நான்தான்" என்றிருக்கிறார். புறப்படும்போது வசந்தமலர் மச்சாள் படிப்பித்த பாடம் அது. "ஆர் ஆர் தந்ததெண்டு சொல்லத் தொடங்கினால் எல்லாத்தையும் கொட்டிக் கிளறுவாங்கள், நீங்களே கட்டினதெண்டு சொல்லுங்கோ." மச்சாளை நான் குறை சொல்லவில்லை. நாங்கள் எல்லோரும் எல்லோருக்கும் சொல்லி அனுப்புகிற புத்தி அதுதான். இவரும் அதை வேதவாக்காக எடுத்துவிட்டார்.

பிறகு சபாரத்தினத்தின் பெயர் எழுதிய பெட்டியைத் திறந்தார்கள். மேலே அரியதரம், பயற்றம்பணியாரம். கீழே துவாயில் சுற்றிய கறுப்புக் குழாய். இவர் அதை மோட்டார் சைக்கிள் சாமான் என்று நினைத்தாராம். அவர்கள் அப்படி நினைக்கவில்லை. பலகாரம் ஒவ்வொன்றையும் கையுறை போட்ட கையால் உடைத்துப் பார்த்தார்கள். எந்த இயக்கம், யாருக்குக் கொண்டுவந்தாய் என்று இரண்டு நாள் கேட்டார்கள். இப்போது பிணையில் விட்டிருக்கிறார்கள். பயணப் புத்தகத்தைப் பறித்துவிட்டார்கள்.

இது கிரவுன் கோர்ட்டுக்குப் போகிறது. குற்றவாளி என்று தீர்ந்தால் மறியல். மறியல் முடிய நாடுகடத்தல். லண்டனில் துவக்குக் குற்றத்தில் உள்ளே இருந்த தமிழனைக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் யார் காத்திருந்து கூட்டிக்கொண்டு போவார்கள் என்று உங்களுக்கு நான் எழுதத் தேவையில்லை.

அன்று ரெலிபோனில் நீங்கள் சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்கு நினைவிருக்கிறது. "ஈசு, அதை நான்தான் வைச்சனான். அவருக்குச் சொன்னால் பயப்படுவார் எண்டு சொல்லேல்லை. சபாரத்தினத்திட்ட லைசென்ஸ் இருக்கு, அவனுக்கு ஒரு பரிசாய் இருக்கட்டும் எண்டு நினைச்சன்." இதை எழுதி, நோட்டரி முன்னால் கையெழுத்து வைத்து அனுப்புங்கள். மூன்று வரி போதும் என்கிறார் கிறிஸ்துராஜா. ஜூன் மாதம் நீங்கள் எழுதிய கடிதத்தைக் காட்டினேன். சாமான் உங்களுடையது என்று மட்டும்தான் அது சொல்கிறது, இவருக்குத் தெரியாமல் வைத்தது என்று சொல்லவில்லை என்றார். அதைச் சொல்லக்கூடிய ஆள் நீங்கள் ஒருவர்தான்.

உடனே எழுதுங்கள். 

ஈசு


எடிசன், நியூ ஜேர்சி
2 ஒக்டோபர் 1993

அன்புள்ள ஈசுவுக்கு,

நாங்கள் இறையருளால் சுகம். உன் உடல்நிலை பற்றித்தான் கவலை. இந்த நேரத்தில் நீ மனதைப் போட்டு அலட்டக்கூடாது.

தாமதத்துக்குக் குறை நினையாதே. புது வீடு, புது வேலை, பெட்டிகள் இன்னும் பிரிக்கவில்லை. நீ பலமுறை ரெலிபோன் எடுத்ததாக வசந்தமலர் சொன்னாள். இப்படியான விஷயங்களை ரெலிபோனில் பேசாமல் இருப்பது எல்லோருக்கும் நல்லது என்று இங்கே ஒரு வக்கீல் சொன்னார். கடிதத்திலும் வார்த்தைகளைப் பார்த்து எழுது. அன்று நள்ளிரவில் தூக்கக் கலக்கத்தில் நான் என்ன சொன்னேன் என்று எனக்குச் சரியாக நினைவில்லை. நீயும் அழுதுகொண்டிருந்தாய்.

அடிப்படையில் இது பெரிய விஷயமே அல்ல. பென்சில்வேனியாவில் அது குற்றமில்லாத சாமான். அங்கே முப்பது வீடு தட்டினால் ஒரு வீட்டில் இருக்கும். இங்கிலாந்திலும் முயல் சுடுபவர்கள் பூட்டுகிறார்கள். உங்கள் சொலிசிட்டர் கெட்டிக்காரர் என்றால் நீதிபதிக்கு இதை விளங்கப்படுத்தலாம். அவருக்கு அனுபவம் போதாதென்றால் வெள்ளைக்கார வக்கீல் ஒருவரைப் பிடி. என்னால் முடிந்த உதவி உண்டு. நான் அந்த நேரம் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டேன், மேற்கொண்டு நடப்பது ஆண்டவன் சித்தம்.

மச்சானுக்காகப் பிட்ஸ்பேர்க் கோயிலில் அர்ச்சனை செய்வித்தோம். விபூதி இத்துடன் இருக்கிறது.

அன்பு அண்ணை


மிச்சம்
11 ஒக்டோபர் 1993

அன்புள்ள அண்ணைக்கு,

விபூதி கிடைத்தது. பூசிவிட்டேன். கடிதத்துக்குள் வேறு ஏதும் இருக்கிறதோ என்று உறையைக் கிழித்தும் பார்த்தேன்.

சபாரத்தினத்தைப் போய்க் கண்டேன். பொலிஸ் அவர் வீட்டுக்கும் போய், துவக்குகளை எடுத்துக்கொண்டு போய்விட்டது. என்னைக் கண்டதும் கதவைப் பாதி சாத்திக்கொண்டுதான் பேசினார். பிறகு என் வயிற்றைப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார். "தங்கச்சி, அவன் எனக்கு ஒரு சொல்லும் சொல்லேல்லை. சொல்லியிருந்தால் தலையில அடிச்சு மறிச்சிருப்பன்" என்றார். இந்த நாட்டுச் சட்டத்தை அவர்தான் எனக்கு விளங்கப்படுத்தினார், நீங்களும் கேளுங்கள். காற்றுத் துவக்குக்குப் பூட்டுகிற குழாயைக் கடையில் கேட்டு வாங்கலாம். ரவை, தோட்டா போட்டுச் சுடுகிற துவக்குக்கு உள்ளது என்றால் அந்தக் குழாயே சட்டத்தின் கண்ணில் ஒரு துவக்கு. அவருடைய லைசென்சில் துவக்குக்கு ஒரு வரி, குழாய்க்கு இன்னொரு வரி. வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவதென்றால் அதற்கும் முன்கூட்டியே அனுமதி. இவர் கொண்டுவந்தது பலகாரம் அல்ல, சட்டப்படி துவக்கு.

இன்னொன்றும் சொன்னார். உங்கள் நாட்டுக் குழாயைத் திருகிப் பூட்டுகிற புரி வேறாம். அவருடைய துவக்கில் அது ஏறவே ஏறாதாம்! ஒன்றுக்கும் உதவாத சாமானை ஒன்றும் தெரியாத மனிதரிடம் கொடுத்துவிட்டிருக்கிறீர்கள், அண்ணை.

பெற்றோல் ஸ்டேசன் முதலாளி இவரை நிற்பாட்டிவிட்டார். விசா மனுவை ஹோம் ஒபிஸ் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டது. இவர் நாள் முழுக்க ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறார். கிழமைக்கு ஒருமுறை பொலிசில் போய்க் கையெழுத்து வைக்கிறார், அதற்குத்தான் சேவ் எடுத்து வெளிக்கிடுகிறார்.

நினைவில்லை என்று எழுதியிருந்தீர்கள். நான் உங்களுக்காக நினைவு வைத்திருக்கிறேன். போன கடிதத்தில் முழுவதும் எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்து எழுதி அனுப்புங்கள்.

உங்களுக்கும் குடும்பத்துக்கும் குறையில்லாத சுகம் கிடைக்கட்டும்.

ஈசு


மிச்சம்
21 நவம்பர் 1993

அண்ணைக்கு,

பெண் குழந்தை. நானும் பிள்ளையும் சுகம்.

மருத்துவத் தாதி "தகப்பன் வரவில்லையா?" என்று கேட்டாள். இவர் அன்று கையெழுத்து வைக்கிற நாள். வைத்துவிட்டு ஓடிவந்தார். பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இவள் நடக்கப் பழகேக்கை நான் எங்கை நிப்பனோ" என்றார். அவர் வாயிலிருந்து வந்த முதல் முறைப்பாடு அது.

மார்ச் மாதக் கடைசியில் வழக்கு. கடுதாசி வரவில்லை.

ஈசு


எடிசன்
8 ஜனவரி 1994

அன்புள்ள ஈசு,

புத்தாண்டு வாழ்த்துகள். பொங்கலும் வருகிறது. நாங்கள் சுகம், இங்கே பனி முழங்காலுக்கு. நீயும் குழந்தையும் மச்சானும் சுகமாக இருக்க வேண்டுகிறோம்.

பெண் குழந்தை, மகாலட்சுமி. யாரைப் போல? எங்கள் அம்மாவின் மூக்கு வந்திருக்கிறதா? என்ன பெயர் வைத்தாய்? படம் எடுத்து அனுப்பு. வசந்தமலர் ஒரு சோடிக் காப்பு வாங்கி வைத்திருக்கிறாள். யாரும் லண்டன் பக்கம் வந்தால் கொடுத்துவிடுவோம்.

நீ கேட்ட விஷயத்தை மறக்கவில்லை. என் நிலைமையையும் கொஞ்சம் யோசி. அடுத்த மாதம் பிரஜாவுரிமை நேர்முகம். மாநிலச் சட்டம் வேறு, மத்திய சட்டம் வேறு. பென்சில்வேனியாவில் வைத்திருக்கலாம் என்பது உண்மை, ஆனால் வாஷிங்டனைக் கேட்காமல் அதை இன்னொருவரிடம் கொடுப்பதும் நாட்டை விட்டு அனுப்புவதும் பெரிய குற்றம். நான் இப்போது ஏதாவது எழுதினால் வேலை, வீடு, பிரஜாவுரிமை எல்லாம் ஒரே நாளில் போய்விடும். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் எங்கே போவது? நேர்முகமும் சத்தியப்பிரமாணமும் முடியட்டும். வழக்குக்கு முன்னர் எழுதித் தருகிறேன். உன் தலைமேல் சத்தியம்.

அன்பு அண்ணை


மிச்சம்
23 ஜனவரி 1994

மதிப்புக்குரிய மச்சானுக்கு,

குலசேகரம் எழுதுவது. நாங்கள் சுகம். தாங்களும் வசந்தமலர் தங்கச்சியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கக் கடவுளை வேண்டுகிறேன்.

ஈசு எழுதும் கடிதங்களில் சூடு இருந்தால் மனதில் வைக்க வேண்டாம். பிள்ளை இரவில் உறங்க விடுகிறதில்லை. தங்கள் கடிதத்தை எனக்கு வாசித்துக் காட்டினாள். தங்கள் சங்கடம் விளங்குகிறது. ஆறுதலாக, தங்களுக்கு வில்லங்கம் வராத விதமாகப் பார்த்துச் செய்யுங்கள். தாங்கள் சொன்ன சொல் எனக்குப் போதும் என்று ஈசுவுக்கும் சொல்லிவிட்டேன். கிறிஸ்துராஜா என் பக்கத்துக்கு ஈசுவைச் சாட்சிக் கூட்டில் ஏற்றலாமா என்று கேட்டார். நான் சம்மதிக்கவில்லை. மச்சானின் கடுதாசி வரும், பச்சை உடம்புக்காரியை எதற்கு அலைக்கழிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

சடங்கில் எடுத்த படங்கள் வந்திருந்தால் ஒன்று அனுப்பவும். மருமகள் தாவணியில் நின்ற கோலம் கண்ணுக்குள் நிற்கிறது.

தங்கள் அன்புள்ள
க. குலசேகரம்


எடிசன்
7 மார்ச் 1994

அன்புள்ள ஈசுவுக்கும் மச்சானுக்கும்,

நாங்கள் சுகம். உங்கள் மூவரின் சுகமும் அறிய ஆவல்.

ஆண்டவன் கைவிடவில்லை. போன வெள்ளிக்கிழமை நான் அமெரிக்கப் பிரஜையாகிவிட்டேன். கையை உயர்த்திச் சத்தியம் செய்தபோது கண் கலங்கிவிட்டது.

உங்கள் விஷயத்திலும் எழுத வேண்டியதை எழுதி, நோட்டரி முன்னால் சத்தியம் செய்து அனுப்பியாயிற்று. லண்டன் கஸ்டம்ஸ்காரர் என்னிடமும் விளக்கம் கேட்டிருந்தார்கள். ஆகையால் என் வக்கீல் நேரே அவர்களுக்கே அனுப்பிவிட்டார். சட்டத்தின் பார்வையில் எல்லாம் ஒழுங்கு. இனி அது கோர்ட்டின் கையில். மனதைத் தளரவிடாதீர்கள்.

அன்பு அண்ணை


மிச்சம்
15 மார்ச் 1994

என் தெய்வமான அண்ணைக்கு,

நாங்கள் சுகம், சுகம், சுகம். இன்று காலையில்தான் உங்கள் கடிதம் வந்தது. வாசித்துவிட்டு இவர் எழுந்து போய் முகம் கழுவினார், வெகுநேரம் வெளியே வரவில்லை. "நான் சொன்னனானெல்லே" என்று மட்டும் சொன்னார். பிறகு கடைக்குப் போய் ஆட்டிறைச்சி வாங்கிவந்தார். ஏழு மாதத்துக்குப் பிறகு இந்த வீட்டில் கறி மணக்கிறது.

நான் உங்களைத் திட்டி எழுதியதையெல்லாம் கிழித்துப் போடுங்கள். மனதிலும் வைக்காதீர்கள். ஒரு வயிற்றில் பிறந்தவர் கைவிட்டுவிட்டாரா என்று கேட்டவர்களுக்கெல்லாம் இனித் தலைநிமிர்ந்து பதில் சொல்வேன். பிள்ளைக்கு உங்கள் பெயரின் முதல் எழுத்தில் ஸ்ரீவித்யா என்று வைத்திருக்கிறோம்.

நீங்கள் நூறு வயது வரை நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

உங்கள் தங்கச்சி
ஈசு


மிச்சம்
9 ஜூன் 1994

திரு. ஸ்ரீஸ்கந்தராஜா அவர்களுக்கு,

இவருக்குப் பதினெட்டு மாதம் மறியல் என்று தீர்த்தார்கள். முடிந்ததும் நாட்டை விட்டு அனுப்பும்படி நீதிபதி எழுதிவைத்தார். வழக்கு முடிந்து இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது, நீங்கள் என்ன நடந்தது என்று ஒரு வரி கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

உங்கள் சத்தியக் கடுதாசியை அரசாங்கத்து வக்கீல் எழுந்து நின்று வாசித்தார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் இவருக்குப் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வரியாகச் சொன்னார். "சடங்குக்கு வந்த என் தங்கையின் கணவர் என் சைலன்சரைக் கண்டு ஆசைப்பட்டுக் கேட்டார். கொடுக்கமுடியாது என்று நான் மறுத்தேன். அவர் போன பின்னர் அதைக் காணவில்லை. உடனே அலன்டவுன் பொலிசில் களவு என்று முறையிட்டேன்." இவ்வளவும் நீங்கள் சத்தியம் செய்து எழுதியது. முறைப்பாட்டுப் பிரதியும் கூட இருந்தது. அதில் திகதி ஆகஸ்ட் ஏழு.

நான் அழுதபடி உங்களுக்கு ரெலிபோன் எடுத்தது ஆகஸ்ட் ஆறு இரவு. விடிந்ததும் பொலிசுக்குப் போயிருக்கிறீர்கள். அதற்குப் பிறகுதான் எனக்கு விபூதி அனுப்பினீர்கள். அதற்குப் பிறகுதான் பிள்ளைக்கு யாருடைய மூக்கு என்று கேட்டீர்கள். என் தலைமேல் சத்தியம் செய்தீர்கள். இவரைக் கள்ளனாக்கிவிட்டு, அந்தக் கள்ளனிடமிருந்து மரியாதைக் கடிதமும் வாங்கி வைத்திருந்தீர்கள். நான் உங்களைத் தெய்வம் என்று எழுதினேன். அதை நினைக்கும்போது எனக்கு என் கையையே பிடிக்கவில்லை.

கிறிஸ்துராஜா பிடித்த வக்கீல் இவரைச் சாட்சிக் கூட்டில் ஏற்றிக் கேட்டார்: "இது உண்மையா?" இவர் "நான் ஒண்டும் கேக்கேல்லை, எடுக்கேல்லை" என்றார். உடனே மற்ற வக்கீல் எழுந்தார். "அப்படியென்றால் உங்கள் மனைவியின் அண்ணன் பொய் சொல்கிறாரா? சத்தியம் செய்து பொய் சொல்கிறாரா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் பிள்ளையை வைத்துக்கொண்டு மேலே பின்வரிசையில் இருந்தேன். ஓம் என்று சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று எனக்குள் கத்தினேன். இவர் தலையைக் குனிந்துகொண்டு, "அவர் என்ர மனுசியின்ர தமையன். அவரைப் பொய்யன் எண்டு நான் என்ர வாயால சொல்லமாட்டன்" என்றார். மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். தீர்ப்புச் சொல்ல ஜூரியில் இருந்த பன்னிரண்டு வெள்ளைக்காரர்களுக்கு அது எப்படிக் கேட்டிருக்கும்? பொய்யர் இல்லையென்றால் சொன்னது உண்மை. தேநீர் குடித்து முடிக்கிற நேரத்துக்குள் குற்றவாளி என்று வந்து சொன்னார்கள்.

மறியலில் போய்ப் பார்த்தேன். "ஏன் அப்படிச் சொன்னனீங்கள்?" என்று அவ்வளவு பேருக்கு முன்னால் கத்திவிட்டேன். "உனக்கு இருக்கிறது ஒரு சகோதரம். நான் போயிட்டால் உனக்கு ஆர் இருக்கினம்?" என்றார். என்னை உங்களிடம் ஒப்படைத்துவிட்டுப் போகலாம் என்று அந்த மனிதர் கணக்குப் போட்டிருக்கிறார். உங்களிடம்.

அப்பீல் போட்டிருக்கிறோம். செப்டம்பரில் வருகிறது. இந்த முறை நான் சாட்சி சொல்கிறேன். இவர் வேண்டாம் என்றார். "உங்களைக் கேக்கேல்லை" என்று அவருக்குச் சொல்லிவிட்டேன். அன்றிரவு நீங்கள் சொன்னதைக் கேட்டவள் நான் ஒருத்திதான். நான் சொன்னால் ஏற்பார்கள் என்று நிச்சயமில்லை, ஆனால் சத்தியக் கடுதாசி பொய் என்று இந்தக் கோர்ட் கண்டால் அது உங்கள் நாட்டுக்கும் போகும், பிரஜாவுரிமையையும் பறிக்கலாம் என்று கிறிஸ்துராஜா விளங்கப்படுத்தினார். வசந்தமலர் மச்சாளையும் நான் தண்ணீர் வார்க்க இருந்த அந்தப் பிள்ளையையும் நினைத்து ஒரு கிழமை நித்திரை கொள்ளவில்லை. பிறகு கொண்டேன்.

இவரிடம் கேட்ட கேள்வியை என்னிடமும் கேட்பார்களாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பிள்ளையைத் தாலாட்டும்போது, பஸ்ஸில், சமைக்கும்போது, அந்தப் பதிலை ஆங்கிலத்திலேயே சொல்லிப் பழகுகிறேன். ஓம், அவர் என்னுடைய சொந்த அண்ணன். ஓம், அவர் பொய்யன். முதலில் பாதியில் நிறுத்திவிடுவேன், இப்போது நிறுத்துவதில்லை.

குலசேகரம் சிவனேஸ்வரி